சேரியும் வரி கட்டுகிறது

இந்த நாட்டில் 'வரி செலுத்துவோர்' என்று ஒரு புதுச் சாதி உருவாகியிருக்கிறது. இதற்குத் தாசில்தார் சான்றிதழ் தேவையில்லை, பான் கார்டு போதும். பத்திரிகைகள் இவர்களை 'நேர்மையான' என்ற அடைமொழி சேர்க்காமல் குறிப்பிடுவதில்லை. பாராளுமன்றத்தில் ஆளும் கட்சி இவர்களுக்கு நன்றி சொல்லும், எதிர்க்கட்சி இவர்களுக்காகக் கண்ணீர் விடும். கல்வி உதவித்தொகையா, நூறுநாள் வேலையா, ரேஷன் அரிசியா, எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் "எங்க வரிப் பணத்துலதானே" என்று ஆரம்பிக்கிற உரிமை இவர்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறது. நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையிலும் இந்தப் பேச்சு உண்டு. "கட்டுறது நாங்க, திங்கிறது அவங்க." அந்த 'அவங்க' யார் என்று யாரும் விளக்குவதில்லை. விளக்கம் தேவைப்படுவதும் இல்லை.

ஆகவே வரி, வரிச்சலுகை, தள்ளுபடி என்பதெல்லாம் ஆடிட்டர்கள் சமாச்சாரம், நமக்கெதற்கு என்று இயக்கத் தோழர்கள் ஒதுங்கிப் போக முடியாது. நம்மை இழிவுபடுத்துவதற்கு இப்போது கையாளப்படும் மொழியே வரியின் மொழிதான். அந்த மொழியை நாமும் படித்துத்தான் ஆக வேண்டும்.

2025 பிப்ரவரி 1 அன்று நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் 2025-26ஆம் ஆண்டுக்கான பட்ஜெட்டை மக்களவையில் வைத்தார். புதிய வரிமுறையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்கள் வருமானவரி கட்ட வேண்டியதில்லை என்றார். மாதச் சம்பளக்காரர்களுக்கு 75 ஆயிரம் ரூபாய் நிலைக்கழிவையும் சேர்த்தால் இது 12.75 லட்சம். இதனால் நேரடி வரியில் சுமார் 1 லட்சம் கோடி ரூபாய் அரசுக்கு வராமல் போகும் என்பதையும் அவரே சொன்னார். ஆளும் வரிசையில் மேசைகள் அதிர்ந்தன. நான்கு நாள் கழித்து டெல்லி சட்டமன்றத் தேர்தல். பிறகு இரு அவைகளிலும் விவாதம் நடந்து, மார்ச் 25-ல் மக்களவை நிதி மசோதாவை நிறைவேற்றியது. மார்ச் 27-ல் மாநிலங்களவையும் தன் சடங்கை முடித்தது.

சலுகை போதுமா, தாமதமாக வந்ததா, தேர்தலுக்காகவா, விலைவாசி அதைத் தின்றுவிடாதா என்றெல்லாம் வாதம் செய்தார்கள். அவசியமான கேள்விகள்தான். ஆனால் வருமானவரி கட்டுமளவுக்கு வருமானமே இல்லாத கோடிக்கணக்கான சனங்களுக்கு இந்த 1 லட்சம் கோடியில் பங்கு உண்டா இல்லையா என்ற கேள்வியைச் சுற்றி அந்த விவாதம் நடக்கவில்லை. 'நடுத்தர வர்க்கம்' என்ற சொல்லைச் சுற்றித்தான் நடந்தது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். முந்தைய ஆண்டின் புதிய வரிமுறையோடு ஒப்பிட்டால், ஆண்டுக்கு 12 லட்சம் சம்பாதிக்கிறவருக்கு இந்த மாற்றத்தால் 80 ஆயிரம் ரூபாய் மிச்சம். 24 லட்சம் சம்பாதிக்கிறவருக்கு 1 லட்சத்து 10 ஆயிரம் மிச்சம். 3 லட்சம் சம்பாதிக்கிறவருக்கு மிச்சம் எதுவும் இல்லை. 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 336 ரூபாய். ஒருநாள்கூட விடாமல் நூறு நாளும் வேலை கிடைத்து, வெயிலில் ஏரியைத் தூர் வாரி, வாய்க்கால் வெட்டினால் வருவது 33,600 ரூபாய். அதாவது, 12 லட்சம் சம்பாதிக்கிறவருக்கு உட்கார்ந்த இடத்தில் கிடைத்த சலுகையில் பாதிகூட இல்லை. அந்த வேலைத் திட்டத்துக்கு நாடு முழுமைக்கும் அந்த ஆண்டு பட்ஜெட்டில் ஒதுக்கியது 86,000 கோடி. முந்தைய ஆண்டு எவ்வளவோ அதே தொகை. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டு வந்துவிட்டார்கள். எது 'இலவசம்', எது 'ஊக்கம்' என்று பெயர் வைக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கணக்கு போதும்.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. "வரியே கட்டாதவனுக்கு வரிச்சலுகை எப்படிக் கொடுக்க முடியும்?" கேட்கும்போது நியாயம் மாதிரித் தெரியும். வருமானவரி மட்டுமே வரி என்று நம்பினால்தான் இது நியாயம்.

2024-25-ல் நாடு முழுவதும் வசூலான ஜிஎஸ்டி 22.08 லட்சம் கோடி ரூபாய். தனிநபர் வருமானவரி மொத்தத்தையும்விட இது மிக அதிகம். இந்தப் பணத்தைக் கட்டியவர்கள் யார்? சோப்பு வாங்கினவர்கள், பற்பசை வாங்கினவர்கள், தலைக்கு எண்ணெய் வாங்கினவர்கள், செல்போனுக்கு ரீசார்ஜ் போட்டவர்கள், வீட்டுக்கு நாலு மூட்டை சிமெண்ட் வாங்கினவர்கள். கலெக்டரும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரே சோப்புக்கு ஒரே வரிதான் கட்டுகிறார்கள். பொதுக் கிணற்றில் சமத்துவம் தராத நாடு, சோப்பு வரியில் நமக்குச் சமத்துவம் தந்திருக்கிறது.

அரிசியைப் பாருங்கள். 2022 ஜூலை 18 முதல் பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டை என்றால் வரி கிடையாது. உடனே கடைகளில் 26 கிலோ மூட்டை வந்துவிட்டது. மொத்தமாக மூட்டை எடுக்கக் கையில் காசு உள்ளவருக்கு வரி இல்லை. சம்பளம் வந்த அன்று 5 கிலோ பொட்டலம் வாங்குகிறவர் வரி கட்ட வேண்டும். இந்த வரி நடைமுறைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னால்தான், 2022 ஜூலை 16-ல், பிரதமர் மோடி 'ரேவடி கலாச்சாரம்' என்று ஒரு சொல்லைப் பிரபலப்படுத்தினார். ரேவடி என்றால் எள்ளுமிட்டாய். ஏழைகளுக்கு அரசு தருவது எள்ளுமிட்டாயாம். அப்படியானால் 2019 செப்டம்பர் 20-ல் கம்பெனிகளுக்கான வருமானவரியை 22 சதவீதமாகவும், புதிதாகத் தொடங்கும் தொழிற்சாலைகளுக்கு 15 சதவீதமாகவும் அவசரச் சட்டத்தின் மூலம் குறைத்தார்களே, அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வராமல் போகும் என்று அரசே சொன்னதே, அது என்ன பலகாரம்?

அடுத்து, 'கிரெடிட்' என்கிற வரவு. ஜிஎஸ்டியில் இன்புட் கிரெடிட் என்று ஒன்று உண்டு. கம்பெனி சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும். மொத்த வியாபாரியும் கழித்துக்கொள்வார், பதிவு பெற்ற சில்லறை வியாபாரியும் கழித்துக்கொள்வார். கழிக்க வழியே இல்லாத ஒரே ஆள் கடைசியில் அதை வாங்கிப் பயன்படுத்துகிறவர். சுமையை ஒருவர் தலையிலிருந்து அடுத்தவர் தலைக்கு மாற்றிக்கொண்டே வந்து கடைசியாக யார் தலையில் இறக்குவது என்பது இந்தச் சமூகத்துக்கு ஒன்றும் புதிய வித்தை இல்லை.

வருமானவரித் தள்ளுபடியும் இப்படித்தான். கட்ட வேண்டிய வரியில்தான் தள்ளுவார்கள். கட்ட வேண்டியது எதுவும் இல்லையென்றால் கையில் எதுவும் வராது. எல்லா நாட்டிலும் இதுதான் விதி என்று நினைக்க வேண்டாம். முதலாளித்துவத்தின் தலைமைப்பீடமான அமெரிக்காவிலேயே 1975 முதல், குறைந்த கூலிக்கு உழைக்கிறவர் கட்ட வேண்டிய வரியைவிடச் சலுகை அதிகமாக இருந்தால் மீதியை அரசு பணமாகவே கொடுக்கிற முறை இருக்கிறது. பிரிட்டனும் 2003-ல் உழைப்பாளருக்கான வரி வரவு என்று ஒன்றைக் கொண்டுவந்து பல ஆண்டுகள் நடத்தியது. அந்த நாடுகள் சொர்க்கம் என்று சொல்லவில்லை. வரி கட்டாதவருக்கு வரிச்சலுகை கொடுக்கவே முடியாது என்பது பொய் என்று மட்டும் சொல்கிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, தலை எண்ணெய் ஆகியவற்றுக்கான ஜிஎஸ்டியை 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்களே என்று கேட்கலாம். நல்ல காரியம்தான், வரவேற்போம். ஆனால் 2017 ஜூலை முதல் எட்டு வருசத்துக்கும் மேலாக நம் சனங்கள் குளிக்கவும் பல் விளக்கவும் 18 சதவீதம் கட்டினார்களே, அப்போது அவர்களை யாராவது 'நேர்மையான வரி செலுத்துவோர்' என்று அழைத்தார்களா? வரியைக் குறைத்தபோதுகூட அது 'பண்டிகைப் பரிசு' என்றுதான் சொல்லப்பட்டது. மேலே இருப்பவருக்குக் கொடுத்தால் மரியாதை, கீழே இருப்பவருக்குக் கொடுத்தால் தயவு.

என் தொழிலிலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிடிக்கிற அபராதத்தை நீங்கள் அறிவீர்கள். 2019-20 தொடங்கி அய்ந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இப்படிப் பிடித்தது சுமார் 8,500 கோடி ரூபாய் என்று 2024 ஜூலையில் பாராளுமன்றத்தில் அரசே பதில் சொன்னது. கணக்கில் பணம் இல்லாத குற்றத்துக்கு அபராதம், அந்த அபராதத்துக்கு மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. சித்தாள் வேலைக்குப் போகிற அம்மா பாஸ்புக்கை நீட்டி, "இது என்னத்துக்குப்பா புடிச்சிருக்கு?" என்று கேட்டால், இல்லாமைக்கும் வரி உண்டும்மா என்று எந்த மொழியில் சொல்வது? 2025-ன் நடுவில் பல பொதுத்துறை வங்கிகள் இந்த அபராதத்தைக் கைவிட்டன. பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பேச யாரும் இல்லை.

மாணவத் தோழர்கள் குறிப்பாக மூன்று எண்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டியல் சாதி மாணவருக்கு மய்ய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைக்க வேண்டுமானால் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இது 2013-14-ல் வைத்த வரம்பு. 2014-ல் வருமானவரி விலக்கு வரம்பும் அதே 2.5 லட்சமாக இருந்தது. அப்போது இரண்டும் ஒரே கோடு. 2019-ல் 'பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர்' என்று, நம்மையும் பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் வெளியே நிறுத்திவிட்டு, முன்னேறிய சாதியினருக்கு 10 சதவீத இடஒதுக்கீடு கொடுத்தார்கள். அவர்களுடைய வறுமைக்கு வைத்த வரம்பு 8 லட்சம். 2025-ல் வரி கட்டத் தேவையில்லாத வரம்பு 12 லட்சம். அந்த விவாதம் நடந்துகொண்டிருந்தபோதும் நம் பிள்ளைகளுக்கு அதே 2.5 லட்சம்தான்.

புருசன் பெண்டாட்டி இரண்டு பேரும் நாளுக்கு 400 ரூபாய் கூலிக்கு வருசத்தில் 320 நாள் வேலைக்குப் போனால் 2 லட்சத்து 56 ஆயிரம் வந்துவிடும். சட்டப்படி அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு உதவித்தொகை கிடையாது. அவர்கள் வசதியானவர்கள்! ஆனால் மாதம் 66 ஆயிரம் வாங்குகிற முன்னேறிய சாதிக் குடும்பம் நலிந்த குடும்பம். மாதம் ஒரு லட்சம் வாங்குகிறவர் வரிச்சுமையிலிருந்து காப்பாற்றப்பட வேண்டியவர். ஒரே நாட்டில், ஒரே பாராளுமன்றத்தில், வறுமைக்கு மூன்று அளவுகோல். பணவீக்கம் மேலே இருப்பவர்களுக்கு மட்டும் ஏறும் போலிருக்கிறது.

2020 டிசம்பரில் இந்த உதவித்தொகைக்கு அய்ந்து ஆண்டுகளுக்குச் சேர்த்து, மாநிலங்களின் பங்கையும் சேர்த்து, 59,048 கோடி என்று மய்ய அமைச்சரவை பெரிதாக அறிவித்தது. 4 கோடிக்கு மேற்பட்ட மாணவர்கள், அய்ந்து வருசம். அந்தப் பக்கம் ஒரே ஒரு வருசத்தில் விட்டுக்கொடுத்தது 1 லட்சம் கோடி.

இந்த இடத்தில்தான் நம் இயக்கம் ஒரு புதிய கேள்வியைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1979-80 முதல் பட்டியல் சாதியினருக்கான சிறப்புக்கூறுத் திட்டம் என்று ஒரு கொள்கை இருக்கிறது. அரசு செலவிடும் திட்டப் பணத்தில் நம் மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாமல் நமக்கு ஒதுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் நாம் 16.6 சதவீதம். கொள்கை ஒழுங்காக அமலானதா என்றால் இல்லை. 2010-ல் டெல்லி காமன்வெல்த் விளையாட்டுக்கு அந்தப் பணத்தைத் திருப்பிவிட்டதை அன்றைய உள்துறை அமைச்சரே மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார். திட்டக் கமிஷனைக் கலைத்தார்கள், பிறகு திட்டச் செலவு என்ற தலைப்பையே எடுத்தார்கள். இப்போது 'நலனுக்கான ஒதுக்கீடு' என்று பட்ஜெட்டில் ஒரு அறிக்கை மட்டும் இருக்கிறது. இதைக் கட்டாயமாக்க மய்யத்தில் சட்டம் கிடையாது.

இதெல்லாம் நாம் ஏற்கனவே பேசுவதுதான். பேசாத ஒன்று இருக்கிறது. அரசு செலவழித்தால்தான் இந்த விகிதாசாரக் கேள்வி எழும். வசூலிக்க வேண்டியதை வசூலிக்காமல் விட்டுவிட்டால் கேள்வியே எழாது. பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பதும், பெட்டிக்கு வர வேண்டியதை வழியிலேயே விட்டுவிடுவதும் ஒன்றுதான். வங்கியில் வேலை செய்கிற யாருக்கும் இது தெரியும். தள்ளுபடி செய்த கடனும் போன பணம்தான். மய்ய அரசுக்கும் இது தெரியும். அதனால்தான் ஒவ்வொரு பட்ஜெட்டோடும் வரிச்சலுகைகளால் வராமல் போன தொகையை ஒரு அறிக்கையாக வைக்கிறார்கள். முன்பு அதற்கு 'கைவிடப்பட்ட வருவாய்' என்று பெயர். பிறகு அந்தப் பெயர் உறுத்தியது போலிருக்கிறது, 'வரி ஊக்கங்களின் வருவாய்த் தாக்கம்' என்று மாற்றிவிட்டார்கள்.

சலுகையும் செலவுதான் என்றால், அந்த 1 லட்சம் கோடியில் 16.6 சதவீதம், அதாவது 16,600 கோடி ரூபாய், பட்டியல் சாதி மக்களுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். வந்து சேர்ந்ததா? வருமானவரிப் படிவத்தில் சாதிக்குக் கட்டம் கிடையாது. உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் சாதி, வருமானம், இருப்பிடம் என்று மூன்று சான்றிதழ் கேட்கிற அரசு, லட்சம் கோடி சலுகையை எந்தச் சாதி எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று மட்டும் கேட்பதில்லை. வங்கி எழுத்தர் சம்பளத்தில் எனக்கும் இதில் கொஞ்சம் கிடைக்கிறது, இடஒதுக்கீட்டால் வேலைக்கு வந்த என் போன்ற சிலருக்கும் கிடைக்கிறது. அதை வைத்துச் சேரி முழுக்கச் சலுகை போய்விட்டது என்று யாரும் கணக்கு எழுத முடியாது.

இன்னும் ஆழமாகப் போனால், எதற்கு வரி போடவில்லை என்பதில்தான் சாதி ஒளிந்திருக்கிறது. சாதி என்பது பரம்பரையாகக் கைமாறும் சொத்து. அப்பனிடமிருந்து மகனுக்கு நிலம் போகிறது, வீடு போகிறது, கடை போகிறது. நமக்கு வந்து சேர்ந்தது பறையும் மலக்கூடையும். இறந்தவர் விட்டுப்போகும் சொத்துக்கு 1953-ல் வரி வந்தது. 1985-ல் எடுத்துவிட்டார்கள். செல்வவரி 1957-ல் வந்தது. 2015 பட்ஜெட்டில் அதையும் எடுத்துவிட்டார்கள். வசூல் ஆயிரம் கோடிதான், வசூலிக்கிற செலவு அதிகம் என்று காரணம் சொன்னார்கள். 2024 தேர்தலின்போது வாரிசுச் சொத்துவரி என்று ஒரு பேச்சு எழுந்தவுடன் ஆளும் கட்சி பூச்சாண்டி காட்டியது. காங்கிரஸ், அது எங்கள் கொள்கையே இல்லை என்று ஓட்டம் பிடித்தது. எல்லாக் கட்சிகளும் ஒன்றுபடும் இடம் எது என்று அன்றைக்குத் தெரிந்தது.

பன்னிரண்டு லட்சம் என்ற எண் தமிழ்நாட்டுத் தலித்துகளுக்குப் புதிதல்ல. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கைக்குப் பின் நமக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லிச் சொல்லியே நம் இயக்கம் வளர்ந்தது. அந்த நிலத்தைக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீசின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அந்த 12 லட்சத்துக்குப் பாராளுமன்றத்தில் மேசை தட்ட யாரும் இல்லை.

அண்ணல் அம்பேத்கர் வரியைப் பற்றிப் பேசாமல் விட்டவரல்ல. பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றிய அவருடைய ஆய்வு 1925-ல் நூலாக வந்தது. 1927-ல் பம்பாய் சட்டமன்றத்துக்குள் நுழைந்தவுடன் பட்ஜெட் விவாதத்தில்தான் பேசினார். வருமானவரியில் குறைந்த வருமானக்காரருக்கு விலக்கு உண்டு, துண்டு நிலம் வைத்திருக்கிற ஏழைக் குடியானவனுக்கு நிலவரியில் மட்டும் ஏன் விலக்கு இல்லை என்று கேட்டார். சக்திக்கேற்ற வரி என்ற நியாயம் பணக்காரனுக்கு மட்டும்தானா என்பதே அவருடைய கேள்வி. நூறு வருசம் ஆகப்போகிறது. நிலவரி இருந்த இடத்தில் ஜிஎஸ்டி உட்கார்ந்திருக்கிறது, கேள்வி அங்கேயே நிற்கிறது.

இன்றைய பாராளுமன்றத்தில் இந்தக் கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது? 2024 ஜூலை 29-ல் ராகுல் காந்தி, பட்ஜெட்டுக்கு முன் நிதி அமைச்சகத்தில் அல்வா கிண்டும் படத்தைக் காட்டி, இதில் ஒரு தலித் அதிகாரிகூட இல்லையே என்றார். மறுநாள் நிதி அமைச்சர், ராஜீவ் காந்தி அறக்கட்டளையில் எத்தனை தலித்துகள் என்று திருப்பிக் கேட்டார். இரண்டுமே உண்மையான கேள்விகள். இரண்டுக்கும் பதில் இல்லை. நம்மை வைத்து ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள், அல்வா மட்டும் அவர்களுக்குள்ளேயே பங்காகிறது. 2025 ஆகஸ்ட் 11-ல் இன்னும் மோசம். 1961-ன் வருமானவரிச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவந்த முழுப் புதுச் சட்டத்தை, எதிர்க்கட்சிகளின் அமளிக்கு நடுவே விவாதமே இல்லாமல் சில நிமிடங்களில் மக்களவை நிறைவேற்றிவிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பது அந்தச் சட்டம்.

எனவே நாம் என்ன கேட்க வேண்டும்? உதவித்தொகைக்கான வருமான வரம்பை வருமானவரி விலக்கு வரம்போடு முடிச்சுப் போட வேண்டும். அது ஏறும்போதெல்லாம் இதுவும் தானாக ஏற வேண்டும். வரிச்சலுகையால் கைவிடப்படும் தொகையையும் செலவாகக் கணக்கிட்டு, அதில் நம் விகிதத்துக்குச் சமமான தொகையைப் பட்டியல் சாதியினருக்கும், அதேபோலப் பழங்குடியினருக்கும் ஒதுக்க மய்யச் சட்டம் வேண்டும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத உழைப்பாளிக்கு, அவர் கட்டும் ஜிஎஸ்டிக்கு ஈடாக ஒரு தொகை கணக்கில் வர வேண்டும். பெரும் சொத்துகளுக்கு வாரிசுவரி வேண்டும். இவற்றில் ஒன்றுகூடப் பிச்சை இல்லை.

தனித்தொகுதிகளிலிருந்து மக்களவைக்குப் போயிருக்கும் பட்டியல் சாதி உறுப்பினர்கள் 84 பேர். இவர்களில் தமிழ்நாட்டிலிருந்து 7 பேர். அடுத்த நிதி மசோதா வருவதற்குள் அவர்கள் ஒவ்வொருவருடைய வாசலுக்கும் மாணவர்கள் போக வேண்டும். நன்றி சொல்லவோ மாலை போடவோ வேண்டாம். 16.6 எங்கே என்று மட்டும் கேட்க வேண்டும். "வரி கட்டுறவங்க பேசட்டும்" என்று யாராவது சொன்னால், கடையில் வாங்கிய சோப்பின் பில்லை எடுத்துக் காட்டுங்கள். அதில் நம் பெயர் இருக்காது, ஆனால் நாம் கட்டிய வரி இருக்கும்.